எல்லாம் இருக்கிற கடையில் வரிசை மட்டும் இல்லை: தி.நகர் தீபாவளி ஷாப்பிங் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், துணியைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. விலையைப் பற்றியும் இல்லை. மகளுக்கு எடுத்த பட்டுப் பாவாடை சட்டை 1,850 ரூபாய், கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றுக்கு எங்கள் குரோம்பேட்டையில் 2,400 சொன்னார்கள். அம்மாவுக்கு அகலக் கரை வைத்த காட்டன் புடவை 940. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒரு பூனம் புடவை 620. மூன்றுமே நல்ல துணி, தையல் பிரியவில்லை, அம்மா புடவையை ஒரு தடவை தண்ணீரில் நனைத்துப் பார்த்துவிட்டோம், சாயம் போகவில்லை. ஆனால் இந்த மூன்றையும் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் அம்மா ஒரு தடவை கீழே விழப் பார்த்தார், மகள் ஒரு தடவை அழுதாள், நான் முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் கத்தினேன். இந்த விமர்சனம் அதைப் பற்றித்தான்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. உஸ்மான் சாலையில் இருக்கிற ஐந்து மாடிக் கடை, அவ்வளவு போதும். பக்கத்துக் கடைக்குப் போயிருந்தாலும் முக்கால்வாசி இதே அனுபவம்தான் கிடைத்திருக்கும் என்பதால் ஒருவரை மட்டும் பிடித்துத் தூற்றுவது நியாயமாகப் படவில்லை.

இந்த வருடம், 2025-ல், தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. நாங்கள் போனது 12-ஆம் தேதி ஞாயிறு. சம்பளம் வந்து, பலருக்கு போனஸும் வந்து, மழையும் இன்னும் பிடிக்காத ஒரு ஞாயிறு என்றால் தி.நகர் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 'ஞாயிற்றுக்கிழமை எதுக்குப் போனீங்க' என்று என் அண்ணி கேட்டார். சனிக்கிழமையும் எனக்கு வேலை, மகளுக்கு வார நாட்களில் பள்ளிக்கூடம், வேறு எப்போது போவது? அங்கே இடித்துக்கொண்டு நின்றவர்களில் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான் இருந்திருக்கும்.

போகிற வழியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க அது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. குரோம்பேட்டையில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினோம், லேடீஸ் பெட்டி, நிற்கத்தான் இடம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. யாரும் கேட்காமலே மூன்று பேர் உட்கார்கிற சீட்டில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்து, 'இப்படி உக்காருங்கம்மா' என்று நாலாவது ஆளாக அம்மாவை உட்கார வைத்தார்கள். மகளை இன்னொருவர் மடியில் உட்கார்த்திக்கொண்டார். கிண்டி தாண்டும்போது அந்தப் பெட்டியில் யார் யாரோடு வந்தவர்கள் என்றே தெரியாத அளவுக்குப் பேச்சு. மாம்பலத்தில் அந்தப் பெட்டி பாதி காலியானது, எல்லோரும் எங்களோடு அதே கடைத்தெருவுக்குத்தான் நடந்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை 2023-ல் திறந்த அந்த நீளமான நடைமேம்பாலம், லிஃப்ட்டும் எஸ்கலேட்டரும் வைத்தது, அம்மா மாதிரி ஆட்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் மகளுக்கு ரங்கநாதன் தெருவில் வளையலும் கிளிப்பும் வாங்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம், அதனால் தெரு வழியாகவே போனோம். தெரு முனையில் போலீஸ் உதவி மையத்தில் அவள் கையில் என் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிட்டார்கள். குழந்தையோடு போகிறவர்கள் தயவு செய்து இதைத் தவறவிடாதீர்கள், இரண்டு நிமிஷ வேலை. அந்தப் பகுதியே 1920-களில் ஏரியைத் தூர்த்து வீடுகளுக்காகப் போட்டது. வீட்டுத் தெருவின் அகலத்தில் இன்றைக்கு ஊரே வந்து நிற்கிறது, அதில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது, அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை. 'கொஞ்சம் வழி விடுங்க', 'பாத்து வாங்க', அவ்வளவுதான் பேச்சு. நெரிசல் வேறு, மரியாதைக் குறைவு வேறு என்று எனக்கு அங்கேயே தோன்ற ஆரம்பித்தது.

சரி, கடைக்கு வருகிறேன்.

தரைத்தளத்தில் பை வைக்கிற இடம் அருமை. கயிறு கட்டி வளைத்து வளைத்து வழி விட்டிருந்தார்கள், பையைக் கொடுத்தால் எண் போட்ட வில்லை, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர் கூட இடையில் புகவில்லை, ஒரு சத்தம் இல்லை.

அடுத்த இருபது அடியில் லிஃப்ட். இங்கே கயிறும் இல்லை, ஆளும் இல்லை. கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவதற்கு முன்பே வெளியே நிற்பவர்கள் முட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். நல்ல திடகாத்திரமான இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் முதல் மாடிக்குப் போக லிஃப்ட்டை நிரப்பிக்கொள்ள, பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு தாத்தா மூன்று தடவை விட்டுக்கொடுத்துவிட்டு நின்றார். நாங்களும் மூன்று தடவை பார்த்தோம். நாலாவது தடவை நான் கையை நீட்டி மறித்து, 'முதல்ல பெரியவங்க ஏறட்டும்' என்று சத்தமாகச் சொன்னேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. 'ஆமாங்க, ஏறுங்க தாத்தா' என்று அந்தப் பையன்களில் ஒருவனே சொன்னான். சொல்ல ஒரு ஆள் இல்லாததுதான் அங்கே குறை. அந்த இடத்தில் கடை ஒரு செக்யூரிட்டியை நிறுத்தியிருந்தால் அந்தத் தாத்தா கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மாடி புடவை. காட்டன் பகுதியில் ஒரு நீளமான மேஜை, அதன் மேல் கழுத்தளவு குவியல், 'எந்த புடவை எடுத்தாலும்' என்று ஒரு விலை எழுதி வைத்த அட்டை. இந்தக் குவியல் வியாபாரம்தான் எல்லா அசிங்கத்துக்கும் காரணம் என்பது என் அபிப்பிராயம். ரேக்கில் அடுக்கி வைத்த புடவையை யாரும் பிடுங்குவதில்லை, கேட்டு வாங்கிப் பார்க்கிறோம். மேஜையில் கொட்டி வைத்தால் அது யாருடையதும் இல்லை, கை வைத்தவருக்குச் சொந்தம். பார்க்கிறவர்கள் முடிவு செய்வதற்கு முன்பே பதினைந்து இருபது புடவையை அள்ளி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்து, அதில் இரண்டை எடுத்துக்கொண்டு மீதியை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். மடிப்பு கலைந்து, முந்தானை தரையில் கிடந்து, அதை இன்னொருவர் செருப்போடு மிதித்துவிட்டுப் போகிறார். நெசவு பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தவர்களுக்கு அதைப் பார்க்க வயிறு எரியும். என் தாத்தா வீட்டில் தறி இருந்தது, பாவு ஓட்டுவதிலிருந்து பார்த்து வளர்ந்தவர் அம்மா, குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டே இருந்தார்.

அம்மாவுக்கு அந்தக் குவியலில் ஒரு மயில்கழுத்து நிறப் புடவை பிடித்துப் போனது. கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி முந்தானையைப் பிடித்து இழுத்தார். 'இது நான் பாத்து வெச்சது' என்றார். அம்மா விடவில்லை, விடக்கூடாது என்றும் இல்லை, விரலில் சுற்றியிருந்தது, அவ்வளவுதான். அவர் இழுத்த இழுப்பில் அம்மா மேஜை மேல் சாய்ந்து, முழங்கால் மடங்கி, நான் பிடிக்காவிட்டால் தலை அந்த இரும்பு விளிம்பில் இடித்திருக்கும். அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புடவையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடப் போய்விட்டார். பச்சைச் சுடிதார், நெற்றியில் விபூதிக் கீற்று, என் வயதுதான் இருக்கும். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. 'போகட்டும் விடு, நல்ல நாளும் அதுவுமா' என்றார். பிறகு சேல்ஸில் இருந்த ஒரு அண்ணா பின் ரேக்கிலிருந்து வேறு புடவைகளை எடுத்துக் காட்டினார், அதில் ஒன்றைத்தான் எடுத்தோம். அந்த அண்ணா இவ்வளவு கூட்டத்திலும் அம்மாவை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நிதானமாக எட்டுப் புடவை விரித்துக் காட்டினார். அவருக்காகவே இந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கூட்டித் தருகிறேன்.

மூன்றாவது மாடி, குழந்தைகள். இங்கேதான் நாள் முழுக்க நடந்ததில் மோசமானது நடந்தது.

பாவாடை சட்டைப் பகுதியில் ஒரே ஒரு பெண், மிஞ்சிப் போனால் இருபது வயது இருக்கும். ஒரே நேரத்தில் ஆறு பேர் அவளைக் கூப்பிடுகிறார்கள். 'ஏய் பொண்ணு', 'ஏம்மா இங்க பாரு', 'காது கேக்குதா இல்லையா'. ஒருவர் விரலைச் சொடுக்குகிறார், நாயைக் கூப்பிடுகிற மாதிரி. அவள் எல்லோருக்கும் 'இதோ வரேன்க்கா', 'ஒரு நிமிஷம் சார்' என்று சொல்லிக்கொண்டே அளவு எடுத்துக் கொடுக்கிறாள். பேச்சில் தெற்கத்தி வாடை இருந்ததால் எந்த ஊர் என்று கேட்டேன், தென்காசிப் பக்கம் என்றாள். காலை ஒன்பதரைக்கு நின்றவள், இரவு பத்தரை வரை நிற்க வேண்டும், தீபாவளி முடிகிறவரை வார விடுமுறை இல்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாது என்பதையும் கேட்டதற்காகத்தான் சொன்னாள், புகாராகச் சொல்லவில்லை.

வரிசையாக எல்லோருக்கும் 28 சைஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளிடம் ஒரு அம்மாள் ரோஸ் கலரில் 30 கேட்டார். இல்லை என்றாள். குடோனில் போய்ப் பார்க்கச் சொன்னார். இருக்கிறது எல்லாம் இங்கேதான் இருக்கிறது என்று அவள் சொல்ல, அந்த அம்மாள் கையில் இருந்த பாவாடையை அவள் முகத்துக்கு நேராக வீசிவிட்டு, 'எங்க காசுலதானே சம்பளம் வாங்குற, போய்ப் பாக்க என்ன வலிக்குதா' என்றார். சுற்றி இருபது பேர் இருந்தோம். அவள் அந்தப் பாவாடையை எடுத்து, ஜரிகை கசங்காமல் மடித்து, பின் குத்தி, ரேக்கில் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தினமும் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. 'உங்க வீட்டுப் பொண்ணுன்னா இப்படித் தூக்கி அடிப்பீங்களா' என்று கத்திவிட்டேன். அவரும் பதிலுக்குக் கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. என் மகள் பயந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் பேசியதில் தப்பில்லை, ஆனால் கத்தியிருக்க வேண்டாம், கத்தியதால் அந்தப் பெண்ணுக்குத்தான் மேலும் சங்கடம். சூப்பர்வைசர் வாக்கி டாக்கியோடு ஓடி வந்து முதலில் திட்டியது அவளைத்தான். 'கஸ்டமர் கிட்ட என்ன பிரச்சனை பண்ற' என்று கேட்டார். அதற்கு நாங்கள் மூன்று நாலு பேர் சேர்ந்து நடந்ததைச் சொன்ன பிறகுதான் அவர் குரல் இறங்கியது.

இந்த இடத்தில் கடைமேல் எனக்குக் கடுமையான கோபம் உண்டு. ஒரு வாடிக்கையாளர் பணியாளர் மேல் துணியை வீசினால் கடை யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் ஒரு சந்தேகமும் இருக்கக்கூடாது. இன்னொன்றும் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இந்தக் கடையிலும் கவுண்டருக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் இருக்கின்றன. இரண்டின் மேலும் துணிப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். பதின்மூன்று மணி நேரம் நிற்கிறவரிடம் சிரித்த முகத்தை எதிர்பார்க்கிறோம், சிரிக்காவிட்டால் திமிர் என்கிறோம்.

ட்ரையல் ரூம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த மாடிக்கு மூன்று அறை, ஒன்றில் பூட்டு வேலை செய்யவில்லை. மீதி இரண்டில் ஒன்றின் வாசலில் ஒரு கட்டைப்பையை வைத்துவிட்டு 'எங்க ஆளு வராங்க' என்று ஒரு குடும்பம் இடம் பிடித்திருந்தது. எங்கள் முறை வந்தபோது மகள் உள்ளே போய்ப் பாவாடையை மாற்றிக்கொண்டிருக்கும்போதே வெளியே இருந்து கதவைத் தட்டித் தட்டி, வேறொரு அம்மாள் தள்ளித் திறந்தும்விட்டார். ஒன்பது வயதுக் குழந்தை அழுதுவிட்டாள். திறந்தவர் 'சின்னப் புள்ளதானே' என்றார். சின்னப் பிள்ளைக்கும் வெட்கம் உண்டு, வலி உண்டு. நாற்பது பேருக்கு ஒரு அறை என்று கொடுத்துவிட்டு வாசலில் ஒரு ஆளைக்கூட நிறுத்தாதது கடையின் தவறு, கதவைத் தள்ளியது அந்த அம்மாளின் தவறு. இரண்டும் தனித்தனித் தவறு, ஒன்று மற்றொன்றை மன்னிக்காது.

நடைபாதையை அடைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருக்கிறவருக்கு வீடியோ காலில் ஒவ்வொரு சட்டையாகக் காட்டுகிறவர்கள், எஸ்கலேட்டர் முடிகிற இடத்திலேயே நின்று அடுத்து எங்கே போகலாம் என்று பேசுகிறவர்கள், இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், 'கொஞ்சம் நகருங்க' என்றால் நகர்ந்துவிடுவார்கள். பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்று உண்டு. கூட்டத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு பெண்கள் மேல் கை வைக்கிற ஆண்கள். அன்றைக்கு மாடிப்படியில் என் பின்னால் ஏறியவன் ஒருவன், நான் திரும்பி முறைத்ததும் 'கூட்டம் மேடம்' என்றான். கூட்டத்துக்குக் கை இல்லை. அடுத்த மாடியில் செக்யூரிட்டியிடம் சொன்னேன், அவர் ஆளைத் தேடி இறங்கினார், கிடைக்கவில்லை. தெருவில் போலீஸ் கண்காணிப்புக் கோபுரமும் கேமராவும் இருக்கின்றன, கடைக்குள் மாடிப்படியில் ஒரு பெண் காவலர் கிடையாது. பெண்கள்தான் முக்கால்வாசி வாங்குகிறார்கள், அவர்களுக்காக இதைக்கூடச் செய்யக் கூடாதா?

மாடிப்படி என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் படியில் பாதி அட்டைப் பெட்டிகள், மீதிப் பாதியில் சாப்பிட உட்கார்ந்த குடும்பங்கள். 2017 மே மாதக் கடைசியில் இதே உஸ்மான் சாலையில் ஒரு பெரிய துணிக்கடைக் கட்டிடம் தீப்பிடித்து, கடைசியில் முழுசாக இடிக்க வேண்டியதாகிவிட்டது. அது அதிகாலையில் நடந்ததால் வாங்க வந்தவர்கள் யாரும் உள்ளே இல்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நடந்திருந்தால் என்று அந்தப் படியில் நின்று நினைத்துப் பார்த்தேன், உள்ளங்கை வேர்த்துவிட்டது. உட்கார்ந்திருந்தவர்களை எழுப்புவது மரியாதைக் குறைவு என்று நினைத்தோ என்னவோ ஒரு ஊழியரும் எழுப்பவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் மனசில்லை, உட்கார வேறு இடம் எங்கே இருக்கிறது?

அப்புறம் பில். பழைய முறைதான். சேல்ஸில் சீட்டு எழுதித் தருவார்கள், அதைக் கொண்டுபோய்ப் பணம் கட்ட வேண்டும், கட்டிய ரசீதைக் காட்டி டெலிவரி கவுண்டரில் துணியை வாங்க வேண்டும். பணம் கட்டுகிற இடத்தில் ஆறு கவுண்டர், வரிசை என்று ஒன்றும் இல்லை, எல்லோரும் ஆறு ஜன்னலையும் நோக்கி நெருக்குகிறார்கள். ஒரு குடும்பத்தில் அப்பா ஒரு கவுண்டரில், அம்மா ஒன்றில், பையன் ஒன்றில் நின்றுகொண்டு, யார் முன்னால் போகிறார்களோ அங்கே எல்லோரும் தாவுகிறார்கள். 'ஒரே ஒரு ஐட்டம்தாங்க' என்று கையை நீட்டுகிறவர்களுக்கு வழிவிட்டே நான் இருபது நிமிஷம் அதே இடத்தில் நின்றேன். நாற்பத்தைந்து நிமிஷம் ஆனது. பில்லைச் சரிபார்த்தேன், ஜிஎஸ்டி சரியாகப் போட்டிருந்தார்கள். செப்டம்பர் 22-லிருந்து ரெடிமேட் உடைக்கு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான், முன்பு ஆயிரம் ரூபாயைத் தாண்டினாலே 12. அதில் நேர்மையான கடை.

டெலிவரி கவுண்டரில்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. அங்கே டோக்கன் எண், மேலே சிவப்பு எழுத்தில் போர்டு, உட்கார நாலு பெஞ்ச். எங்கள் எண் வர இன்னும் முப்பது பேர். பெஞ்சில் இடமில்லை. ஒரு பெண்மணி எழுந்து, 'நீங்க உக்காருங்கம்மா, கால் வலிக்கும்' என்று அம்மாவுக்கு இடம் கொடுத்தார். பச்சைச் சுடிதார், நெற்றியில் விபூதிக் கீற்று. முதலில் அவருக்கே தெரியவில்லை, பிறகு அம்மா முகத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்து, அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. 'அங்க தெரியலம்மா, மன்னிச்சுக்கோங்க, என் மாமியாருக்கு எடுக்கணும்னு காலைலேர்ந்து அலையறேன்' என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமியாருக்கு எந்த ஊர், உடம்புக்கு என்ன என்றெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு உடனே மனசு இறங்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், அம்மா தலை இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே ஓடியது. ஆனால் அவர் கெட்டவர் என்று இனிமேல் என்னால் சொல்ல முடியாது.

இதனால்தான் ரயிலை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ரயிலில் நகர்ந்து உட்கார்ந்தவர்கள், பை கவுண்டரில் சத்தமில்லாமல் நின்றவர்கள், டோக்கன் பெஞ்சில் எழுந்து இடம் கொடுத்தவர்கள், குவியல் மேஜையில் பிடுங்கியவர்கள், எல்லாம் ஒரே ஜனங்கள். திருப்பதியில் மணிக்கணக்காகக் கம்பிக்குள் நின்று சாமி பார்த்துவிட்டு வருகிற ஜனங்கள். என் முறை எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் நம் ஆட்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பார்கள், பேச்சுக் கொடுப்பார்கள், முறுக்கு கூடப் பங்கு போடுவார்கள். முறை என்று ஒன்று இல்லாத இடத்தில், விட்டுக்கொடுத்தவன் வெறும் கையோடு போவான் என்ற பயம் வந்துவிடுகிறது, அந்தப் பயத்தில் நல்லவர்களும் முந்தானையைப் பிடித்து இழுக்கிறார்கள். 'நம்ம ஜனங்களுக்கு நாகரிகம் பத்தாது' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஆனால் அந்தத் தென்காசிப் பெண் முகத்தில் வீசப்பட்ட பாவாடைக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அங்கே பயமும் இல்லை, அவசரமும் இல்லை, திருப்பிப் பேச முடியாத ஒரு ஆள் கிடைத்தாள், அவ்வளவுதான். அதற்கு எந்தக் கயிறும் மருந்தில்லை, பக்கத்தில் நிற்கிற நாம்தான் வாயைத் திறக்க வேண்டும்.

கடை செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. பை கவுண்டரில் கட்டிய அதே கயிற்றைப் பணம் கட்டுகிற இடத்தில் கட்டி ஒரே வரிசையாக்கி, எந்தக் கவுண்டர் காலியோ அங்கே அனுப்பலாம். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரமாவது அந்தக் குவியல் மேஜையை எடுத்துவிடலாம். லிஃப்ட்டில் பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்று எழுதி ஒரு ஆளை நிறுத்தலாம். ட்ரையல் ரூம் பூட்டைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகுமா? குடிதண்ணீர் ஐந்து மாடிக்கும் சேர்த்துத் தரைத்தளத்தில் ஒரே இடம், கழிவறை சுத்தமாக இருந்தது ஆனால் நாலாவது மாடியில் மட்டும்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது, முடிந்தால் வார நாளில் காலை பத்தரைக்குள் போய்விடுங்கள். அம்மா மாதிரி முழங்கால் வலி இருக்கிறவர்களுக்குக் காட்டன் புடவைதான் வேண்டும் என்றால் எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கிற கோ-ஆப்டெக்ஸுக்குக் கூட்டிப் போங்கள், தீபாவளி நேரத்தில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு, புடவையை விரித்து நிதானமாகக் காட்டுவார்கள், அடுத்த வருடம் நான் அங்கேதான் போகப் போகிறேன். குழந்தைகள் உடைக்கு மட்டும் தி.நகரை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவு வகை வேறு எங்கும் இல்லை. துணிக்கு நாலரை நட்சத்திரம், விலைக்கு நாலு, கூட்டத்தை நடத்துகிற விதத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் பை கவுண்டருக்கும் டோக்கன் போர்டுக்கும்தான்.

ஒன்று மறந்துவிட்டேன். மகளின் சட்டை கை கொஞ்சம் இறுக்கம், மாற்றுவதற்காகப் புதன்கிழமை காலையில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மறுபடி போனேன். சனி ஞாயிறு மாற்றித் தர மாட்டார்கள், பில்லின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கடை காலி, பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதே பெண்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டு, 'பாப்பா அன்னிக்கு ரொம்ப அழுதுச்சேக்கா, சரியாயிட்டாளா' என்று முதலில் கேட்டாள். அளவு எடுத்துக் கொடுத்துவிட்டு, பாவாடையோடு சேர்த்துக் கட்ட ஒரு ரிப்பனையும் தேடி எடுத்து வைத்தாள். கிளம்பும்போது சூப்பர்வைசரைப் பார்த்து, பணம் கட்டுகிற இடத்துக் கயிற்றையும் ஸ்டூல் மேல் இருக்கிற பெட்டிகளையும் பற்றிச் சொன்னேன். பெட்டிகளை அவரே இறக்கி வைத்தார். கயிறு பற்றி மேலே பேசுகிறேன், தீபாவளி முடியட்டும் மேடம் என்றார். பொங்கலுக்குத் துணி எடுக்க வரும்போது பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.